மொட்டையாய் முந்நூறு

என் கணவர் ஜெர்மன்காரர்; போதாக்குறைக்கு இடது கைக்காரர். அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் இந்த இரண்டில் எது பெரிய குற்றம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு மெஷின் வேலை கற்றுக்கொடுக்க வந்தவர் அவர். அங்கே நான் டைப்பிஸ்ட். பதிவுத் திருமணம் முடிந்த கையோடு மேற்குத் தாம்பரத்தில் அக்கா வீட்டு முன்னறையில் குடியேறினோம். கதவில்லாத அறை, ஒரு திரைச்சீலைதான். அந்தப் பக்கம் அத்தான் தொண்டையைக் கனைத்தால் இந்தப் பக்கம் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

"அடுத்த மாசம் என் தங்கச்சி பிரசவத்துக்கு வர்றா. அந்த ரூம் வேணும்" என்று ஒருநாள் அத்தான் அக்காவிடம் சொன்னார், என் காதில் விழும்படியாகத்தான். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தினமும் ஆபீஸ் விட்டதும் வீடு பார்க்கக் கிளம்புவோம். காலையில் காலியாக இருந்த வீடு, மாலையில் இவர் முகத்தைப் பார்த்ததும் யாருக்கோ வாடகைக்குப் போய்விட்டிருக்கும்.

இதற்கு நடுவில் அவருக்கு நம் காசு பழக வேண்டியிருந்தது. பாயில் சில்லறையைப் பரப்பி வைத்துக்கொண்டு ரசிப்பார். ஐந்து பைசா சதுரம், பத்து பைசாவுக்கு நெளி விளிம்பு. கண்ணை மூடிக்கொண்டே எண்ணலாம் என்று மெச்சினார். ஆனால் கடைத்தெருவில் வாயால் சொல்லும் கணக்கு அவரைக் கவிழ்த்துவிட்டது. அணா ஒழிந்து பல வருடமாகியும் யாரும் அதை விட்டபாடில்லை. கத்திரிக்காய் ஒரு கூறு நாலணா என்றாள் காய்க்காரி, அதாவது இருபத்தைந்து பைசா. அவர் கவனமாக நான்கு ஒற்றைப் பைசாக்களைப் பொறுக்கி நீட்டினார்.

"இன்னா தொர, வெளாட்றியா? நாலணான்னா நாலு பைசாவா? அத்தயும் பீச்சாங்கையால குடுக்கறே!"

பீச்சாங்கை என்றால் என்ன என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அது இடது கை என்றும், அந்தக் கைக்கு இங்கே என்ன வேலை என்றும் சொன்னேன். மனிதர் காது வரை சிவந்துவிட்டார். அதன் பிறகு பஸ்ஸிலும் கடையிலும் வலது கையால் காசு கொடுக்கப் பயின்றார். பாதி கீழே விழும். எனக்கோ பொறுமை கிடையாது. "வலது! வலது!" என்று நடுத்தெருவில் டிரில் மாஸ்டர் போல அதட்டுவேன்.

கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு வீடு அமைந்தது. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற டீச்சர். நாங்களும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்றதும் முகம் மலர்ந்து, முந்நூறு ரூபாய் அட்வான்ஸ் கேட்டார். வழக்கப்படி ஒரு ரூபாய் சேர்த்து முந்நூற்றொன்றாகக் கவரில் போட்டேன். அந்த ஒன்று எதற்கு என்று இவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

"சார் கையாலயே குடுக்கட்டும்" என்றார் டீச்சர்.

கொடுப்பதற்குமுன் இவர் கவரைப் பிரித்து எண்ணினார். எதையும் சரிபார்க்காமல் விடாத ஜென்மம். ஒரு ரூபாய் தவறுதலாக அதிகம் இருக்கிறது என்று அதை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, மீதியை அழகாக வலது கையால் நீட்டினார். மொட்டையாய் முந்நூறு! அந்த ஒன்றையும் கொடுங்கள் என்று நான் பல்லைக் கடித்தேன். பதறிப்போய் அதை எடுத்து நீட்டினார், இடது கையால்.

டீச்சர் பணத்தோடு உள்ளே போனார். அங்கே, கூடவே குடியிருந்த அவருடைய தம்பியின் குரல் கேட்டது. நான் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தேன். டீச்சர் திரும்பி வந்தபோது பணம் அவர் கையிலேயே இருந்தது.

"சகுனமெல்லாம் நாங்க பாக்கறதில்லைம்மா. ஆனா மொட்டையா முந்நூறு குடுத்துட்டு, அப்புறம் இடது கையால ஒரு ரூபா... மனசுக்கு ஒப்பலை."

"அவருக்குத் தெரியாது டீச்சர். இப்பவே வலது கையால குடுக்கச் சொல்றேன்."

"கையை மாத்திக்கலாம்" என்றார் டீச்சர், இவரை ஏற இறங்கப் பார்த்தபடி. "நாளைக்கு அக்கம்பக்கத்துல என்னைத்தானே கேப்பாங்க?"

ஓகோ, கையல்ல, வெள்ளைக்காரர் என்பதுதான் விஷயம், அப்படிச் சொல்லுங்கள் என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் பணத்தை நீட்டினார். அதை வாங்க என் கணவர் வலது கையை நீட்டினார், விறைப்பாக, இந்த முறையாவது பிசகக் கூடாதே என்ற பயத்தோடு. அவர் கையை விலக்கிவிட்டு என் இடது கையை நீட்டினேன். டீச்சர் தயங்கினார். நான் கையை மாற்றவில்லை. அந்தக் கையில்தான் வைத்தார்.

ரயிலுக்குக் காத்திருந்தபோது பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தேன். வீடு போயிற்று, அத்தானின் தங்கை எந்த நாளும் வந்து இறங்கலாம். நீ வலது கைக்காரிதானே என்று அவர் மெதுவாகக் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.