வலது பக்கம் செத்த ஹெட்போன்

எங்கள் செல்லூர்ச் சந்தில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. பவர்லூம் ஓடுகிற தெருவில் காதோடு காதாகச் சொல்வதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் நகையைப் பற்றிக் குசுகுசுத்தது எதிர்வீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்தவளுக்கும் கேட்டது. அது வேறு கதை.

என் வீட்டுக்காரர் தறியை விற்ற பிறகும் டிவியில் செய்தியைத் தறிச் சத்தத்துக்கு மேல் வைத்துத்தான் கேட்பார். நாகமலை புதுக்கோட்டையில் படிக்கிற மகள்வழிப் பேத்தி, லீவுக்கு வந்தால் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை என்று அவருக்கு ஒரு ஹெட்போன் வாங்கித் தந்தாள். மாட்டிய உடனே வலது பக்கம் செத்துக் கிடக்கிறது என்றார். கடையில் மாற்றித் தந்தார்கள். அதிலும் வலது பக்கம் கேட்கவில்லை. செல்லூர்க்காரன் என்றால் இளக்காரமா என்று டீக்கடையில் பஞ்சாயத்து வைத்து, ஆள் சேர்த்துக்கொண்டு, கடைக்காரனின் மானத்தை வாங்கக் கிளம்பினார். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைச் சட்டை வேறு. சண்டைக்கும் இஸ்திரி வேண்டும் அந்த மனுஷனுக்கு.

போவதற்கு முன் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள் பேத்தி. செல்லில் வெறும் ‘கூ’ என்று ஒரு சத்தம் இருந்தது. முதலில் இடது பக்கத்தில் மட்டும் விட்டாள். தலையாட்டினார். பிறகு வலது பக்கத்தில்.

“பாத்தியா ஆத்தா, மூச்சே இல்ல,” என்றார் பேத்தியிடம்.

நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன். பேத்தி மாற்றி மாற்றி விட, இரண்டு பக்கமும் குக்கர் விசில் மாதிரி அடித்தது. உனக்கு என்ன தெரியும் என்று பிடுங்க வந்தவரின் தலையில் நானே மாட்டிவிட்டேன். எந்தப் பக்கம் எந்தக் காதுக்கு என்று அதில் எழுதியிருக்குமாம். எனக்கு எழுத்து தெரியாது. மாற்றி மாட்டியிருக்கிறேன். பேத்தி மறுபடி இடது பக்கச் சத்தத்தை விட்டாள். அவர் முகம் சிவந்துவிட்டது.

“நல்லா இருந்ததையும் தொட்டுக் கெடுத்துட்டியேடி.”

அடுத்து வலது பக்கத்தை விட்டாள். செத்தது பிழைத்துவிட்டதே என்று முழித்தார். பேத்திக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

“தாத்தா, அம்மாச்சி அதத் திருப்பி மாட்டிருக்கு. எந்தப் பக்கத்த வச்சாலும் ஒங்க வலது காதுக்குத்தான் கேக்கல.”

வாசலில் நின்ற டீக்கடைப் படை ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவியது. தறி எப்போதும் அவருக்கு வலது கைப்பக்கம்தான். ஆயுசு முழுக்க அந்தக் காதிலேயே அடித்திருக்கிறது.

முதலில் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. சோறு போடும்போது நான் உட்காருவது அவருக்கு வலது பக்கம். பேரையூரில் இருக்கிற அவர் தங்கச்சி என்னைப் பேசிய பேச்சையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் சொல்லி அழுதிருக்கிறேன். தலையாட்டிவிட்டு ரசம் கேட்பார். பெண்டாட்டியை ஒரு சொல் எதிர்த்துப் பேசாத பொறுமைசாலி என்று தெருவே மெச்சியது. நானும் அதை நம்பி இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார். நான் பலகையை இழுத்து இடது பக்கம் போட்டுக்கொண்டேன்.

“ஒங்க தங்கச்சி கதைய முதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க.”

பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, கெட்டுப்போனது என்று சண்டைக்குக் கிளம்பிய அந்த ஹெட்போனையே மாட்டிக்கொண்டார். டிவியைக்கூடப் போடவில்லை.