தயிர்சாதப் பூனை

என் மாமனார் என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பூனையிடம்தான் சொல்வார். கல்யாணமாகி மாட்டுங்கா வீட்டுக்கு நான் வந்த மறுநாள் காலை, சமையலறை வாசலில் வந்து நின்றவர், நிலைப்படியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த வெள்ளைப் பூனையைப் பார்த்து, “கோமு, நேக்குக் காபியில சர்க்கரை சித்த தூக்கலா வேணும்னு சொல்லு” என்றார். பூனை என்னைப் பார்த்தது. நான் பூனையைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சர்க்கரை டப்பாவை எடுத்தேன். மாட்டுப்பெண்ணிடம் நேருக்கு நேர் பேசுவது மரியாதையில்லை என்று நினைக்கிற பாலக்காட்டுப் பெரியவர்கள் அறுபதுகளிலும் பம்பாயில் இருந்தார்கள். மாமியார் இருந்திருந்தால் அவர் மூலமாகப் பேசியிருப்பார். அவர் நான் வருவதற்கு முன்பே போய்விட்டதால் அந்த உத்தியோகம் கோமுவுக்குக் கிடைத்திருந்தது. என் கணவர் காலையில் ஆபீஸ் பஸ் பிடித்து டிராம்பேக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பகலெல்லாம் வீட்டில் நாங்கள் மூன்று பேர். பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவள் ஒருத்தி, நடுவில் கோமு.

கோமுவைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. “எங்காத்துப் பூனை தயிர்சாதம்தான் சாப்பிடும். எலி குறுக்கே ஓடினாக்கூடத் திரும்பிப் பாக்காது” என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எங்களுக்குக் கீழே முதல் மாடியில் குடியிருந்த மாமா, கட்டடத்தின் ஆசாரத்துக்கெல்லாம் தாமே பொறுப்பு என்று நினைத்தவர், அவரே கோமுவை மெச்சியிருக்கிறார். தினமும் நான் பிசைந்து வைக்கும் தயிர்சாதத்தை அது இரண்டு நக்கு நக்கிவிட்டு மாடிப்படி வழியாக எங்கோ போய்விடும். பெரியவர்களைப் போல மிதமாகச் சாப்பிடுகிறது என்று நானும் நம்பினேன்.

ஒரு நாள் காலை ஜன்னல் திண்டிலிருந்து குதித்த கோமு பொத்தென்று பக்கவாட்டில் விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, வலப்பக்கத்துக் கால்கள் இரண்டும் துணி போலத் துவண்டன. தலை ஒருபுறம் சாய்ந்து, கண்மணிகள் அங்குமிங்கும் ஆடின. மாமனார் பூஜையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். “கொழந்தே, இங்க வா. தலையைப் பிடிச்சுக்கோ, மொள்ள, மொள்ள” என்றார். என்னிடம்தான் சொன்னார் என்பது அன்று மத்தியானம்தான் எனக்கு உறைத்தது.

காய்கறிப் பையில் அதைப் படுக்க வைத்து டாக்சியில் தாதருக்குக் கொண்டு போனோம். மிருக வைத்தியர் ஒரு மராத்திக்காரர். மனிதர்களுக்கு வருகிற பக்கவாதம்தான் இது என்றார். வயதான பூனை, கஷ்டப்படுத்துவானேன், ஒரு ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாமா என்று கேட்டார். மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. நாளைக்கு எனக்கு வாதம் வந்தால் என் பிள்ளையிடமும் இதைத்தான் கேட்பீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டால் பிழைக்கும், சாப்பிடாவிட்டால் இல்லை, மீன் கொடுத்துப் பாருங்கள் என்றார். எங்கள் வீட்டுப் பூனை சைவம் என்று மாமனார் சொன்னபோது அந்த டாக்டர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு எங்கள் வீடு ஆஸ்பத்திரியாக மாறியது. பழைய வேஷ்டியை நாலாக மடித்துப் படுக்கை போட்டார். புண் வராமல் இருக்க அதைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தார். என்றைக்காவது வரப்போகிற பேரக்குழந்தைக்காக வைத்திருந்த வெள்ளிப் பாலாடையை எடுத்து வரச் சொல்லி அதில் பால் புகட்டினார். தம் முழங்காலுக்கு வைத்திருந்த தன்வந்தரத் தைலத்தை அதன் கால்களில் தேய்த்தார். பூனை அதை நக்கித் தொலைக்கப் போகிறதே என்று நான் பயந்து ஈரத் துணியால் துடைத்தெடுத்ததும், மறுபேச்சில்லாமல் வெறும் கையால் பிடித்துவிட ஆரம்பித்தார். எல்லாம் செய்தும் கோமு சாப்பிடவில்லை. பால் ஓரமாக வழிந்தது. தயிர்சாதத்தை விரல் நுனியில் வைத்துக் கெஞ்சினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தன. அவரும் ஒருவேளைதான் சாப்பிட்டார்.

பின்பக்கச் சந்தில் தினமும் கோளிவாடா மீனவக் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரி கூடையோடு வருவாள். அடுத்த கட்டடத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் அவளுடைய வாடிக்கை. அன்று துணி காயப்போடப் பின்கட்டுப் பால்கனிக்கு வந்த என்னைப் பார்த்து, “ஏ பாய், தும்ஹாரா சஃபேத் பில்லி கிதர்?” என்று கீழேயிருந்து கத்தினாள். உங்கள் வெள்ளைப் பூனை எங்கே என்கிறாள். உடம்பு சரியில்லை என்று சைகை காட்டினேன். அவள் கூடையிலிருந்து ஒரு குட்டி மீனின் வாலைப் பிடித்துத் தூக்கி, ரோஜ் ஆத்தா தா, ரோஜ், என்றாள். தினம் வருமாம்! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் ஆசாரப் பூனை இத்தனை வருஷமாக வீட்டில் தயிர்சாதத்தை ஒப்புக்கு நக்கிவிட்டு, கீழே போய் மூக்கு முட்ட மீன் தின்றிருக்கிறது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்வதற்குத் தூது போகிற ஆள்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறதே. சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துவிட்டு, கடைசியில் அவருக்கு எதிரே போய் நின்றேன். “அப்பா, கோமு மீன் சாப்பிடற பூனை. மீன்காரி சொல்றா. தயிர்சாதத்தை நம்பினா அது பிழைக்காது” என்றேன். அவர் பூனையைப் பார்த்தார். “திருட்டுக் கழுதை” என்றார். பிறகு நெற்றி நிறைய விபூதியோடு, கொட்டாங்கச்சி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

கொட்டாங்கச்சியில் மீனோடு திரும்பி வந்து, பால்கனியில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டறியாத மனிதர், முள் முள்ளாகப் பிரித்தெடுத்துச் சதையை நசுக்கி கோமுவின் வாயோரத்தில் வைத்தார். மூக்கு அசைந்தது. நாக்கு வந்தது. தின்றது! நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் எழுந்து போய்த் தலையோடு குளித்தார். ஒவ்வொரு தடவையும் குளித்தார். பூனைக்கு உடம்பு தேறுவதற்குள் அவருக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது.

வாசனை சும்மா இருக்குமா? முதல் மாடி மாமா படியேறி வந்துவிட்டார். “ஓய், என்ன நாத்தம் இது? வீட்டுக்காரர் காதில விழுந்தா காலி பண்ணச் சொல்லிடுவார். பூனை கீழே போய் எதைத் தின்னாலும் நேக்கென்ன? மீன் கட்டடத்துக்குள்ள மட்டும் வரப்படாது, சொல்லிட்டேன்.” மாமனார் வாதாடவில்லை. “சரி, கீழேயே சாப்பிடட்டும்” என்றார். கதவைச் சாத்திவிட்டு என்னிடம், “தூக்கிண்டு போறது இப்போதைக்குத்தான். அவளே நடந்து போவா பார்” என்றார்.

அன்று முதல் காலையில் கோமுவை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே போய், சந்தில் மீன்காரியின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார். பஸ்ஸுக்குப் போகிற ஆபீஸ்காரர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். மற்ற நேரத்தில் தம் ஜரிகை அங்கவஸ்திரத்தை அதன் வயிற்றுக்கடியில் தூளி போலக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, கூடத்தில் நடக்க வைத்தார். கோமு வட்டமாகச் சுற்றும், சுவரில் முட்டும், உட்கார்ந்துவிடும். “எழுந்திருடி” என்பார். மழைக்காலம் வந்து போயிற்று. தூளி தளர்ந்தது, பிறகு தேவைப்படவில்லை. அப்புறம் படிகள். அவர் ஒரு படி கீழே குனிந்து நிற்க, அது தயங்கித் தயங்கி அவர் கைக்குள் வந்து விழும்.

தீபாவளி கழிந்த ஒரு காலையில், கீழே மீன்காரியின் கூவல் கேட்டதும் கோமு தானாக வாசலுக்குப் போயிற்று. நான் தூக்க ஓடினேன். “தொடாதே, கொழந்தே” என்றார். அவர் கை கைப்பிடிச் சுவரை இறுகப் பற்றியிருந்தது. சாய்ந்த தலையோடு, வலது காலை இழுத்துக்கொண்டு, கோமு ஒவ்வொரு படியாக இறங்கியது. ஒரு படியில் சறுக்கி உருண்டது. எழுந்து உதறிக்கொண்டு மேற்கொண்டு இறங்கியது. முதல் மாடியில் மாமாவின் கதவுக்கு முன்னால் செருப்புகள் வழியை அடைத்துக் கிடந்தன. சுற்றிப் போகத் தெரியாமல் கோமு அங்கேயே ஆடி ஆடி நின்றது. அந்தச் சமயம் பார்த்துக் கதவு திறந்தது. மாமா பூனையைப் பார்த்தார், நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மாமா தொந்தியைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, செருப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து ஓரமாக வைத்தார்.

“போடி” என்றார்.

கோமு போனாள்.