தரை வரைக்கும் ஒரு திரைச்சீலை

கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதனால் தெருவுக்கே அவள் டேப் அக்கா. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளந்து திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவளுக்கு இருபத்திரண்டு வருடத் தொழில். அந்தச் சம்பாத்தியத்தில்தான் ஊரின் மறுகோடியில், நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருந்தாள்.

விட்டிருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. விட்டவர் ஒரு மேனேஜர். ஆள் பிடிப்பது, வாடகை வாங்குவது, குழாய் சொட்டினால் ஓடுவது எல்லாம் அவர் பாடு. வாடகையில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. அவளுடைய கூடப்பிறந்த அக்காவுக்கும் இரண்டு வீடுகள் உண்டு. குடியிருப்பவர்களோடு மல்லுக்கட்டியே அந்த அம்மாளுக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. அதைப் பார்த்துத்தான் டேப் அக்கா முதல் நாளே மேனேஜரிடம் கறாராகச் சொன்னாள்: "எது நடந்தாலும் என்னைக் கூப்பிடாதீங்க." மூன்று வருடமாக ஃபோன் வரவில்லை. வாடகை மட்டும் டாண் என்று வந்தது. வீடு எனக்கு, தலைவலி அவருக்கு என்று அக்காவிடம் பீற்றிக்கொள்வாள்.

போன மாதம் துணிக்கடைக்காரர் ஒரு விலாசம் கொடுத்து அனுப்பினார். அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவள், கட்டடத்து வாசலில்தான் ஒழுங்காகப் படித்தாள். அவளுடைய ஃபிளாட்டேதான். திரும்பிவிடலாமா என்று யோசித்தாள். வேலைக்கென்று வந்துவிட்டு அளக்காமல் போய்ப் பழக்கமில்லை, ஏறிவிட்டாள்.

குடியிருந்தது ஒரு டீச்சர், கணவன், இரண்டு பிள்ளைகள். வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கூடத்தை அளந்தாயிற்று. படுக்கையறை ஜன்னலையும் அளந்துவிட்டு, மேலே சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். காரை பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஈரம். இங்கே திருகாணி நிற்காது, கம்பியும் திரையும் சேர்ந்து தலையில் விழும் என்றாள்.

"அப்ப இந்த ரூமை விட்டுடுங்கக்கா. கூடத்துக்கு மட்டும், அதுவும் ஜன்னல் அளவுக்குத் தைச்சாப் போதும். வருஷக் கடைசியில காலி பண்ணிடுவோம்" என்றாள் டீச்சர்.

வீட்டை இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்களை விட்டால் இனி எங்கே போய்த் தேடுவது? மேனேஜரிடம் சொல்லவில்லையா என்று டேப் அக்கா மெல்லக் கேட்டாள்.

"நாலு தடவை சொல்லியாச்சு. ஓனரம்மாகிட்ட வாயே திறக்க முடியாதாம். ராட்சசியாம்."

ராட்சசி அளவைக் குறித்துக்கொண்டாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மேனேஜர்மேல் பொத்துக்கொண்டு வந்த கோபம் மூன்றாவது மாடி இறங்கும்வரைதான் தாங்கியது. கூப்பிடாதே என்றது யார்? அந்த மனிதர் சொன்னபடிதானே நடந்திருக்கிறார்.

இரண்டாவது மாடிப் படியில் நின்றே அவரை அழைத்து, படுக்கையறைச் சுவரைப் பற்றிச் சொன்னாள். அவர் பதறிப்போய், இனிமேல் வீட்டை நீங்களே பார்த்துக்கொள்ளப் போகிறீர்களா என்று கேட்டார்.

"நான் எதுக்குப் பார்க்கணும்? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க. ஒரு மாச வாடகைக்குள்ள முடியற ரிப்பேர்னா கேக்காமச் செய்யுங்க. அதுக்கு மேலன்னா கூப்பிடுங்க, எடுப்பேன்."

மூன்று வாரம் கழித்து டீச்சர் ஃபோன் செய்தாள். ஒழுகிக்கொண்டிருந்த வெளிக்குழாயை மாற்றி, சுவரைக் கொத்திப் பூசிவிட்டார்களாம். ராட்சசிக்கு என்ன ஆயிற்றோ என்று சிரித்தாள். யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள் என்றாள் டேப் அக்கா.

"கூடத்துக்கும் படுக்கை ரூமுக்கும் தைச்சுடுங்கக்கா. தரை வரைக்கும், லைனிங் வச்சு."

காலி செய்யப் போகிறவர்கள் யாரும் தரை வரைக்கும் தைக்கச் சொல்வதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கண்டது அது. அதுவரை கூடத்துத் திரையைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தவள், ஃபோனை வைத்துவிட்டு அன்றே துணியை வெட்டினாள். கூலியில் ஒரு காசு குறைக்கவில்லை. கீழ் மடிப்பில் மட்டும் நாலு விரல் துணி கூடுதலாக விட்டாள். பத்து வருடம் துவைத்துச் சுருங்கினாலும் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.