டியூபின் நீளம்

ஞாயிறு மாலை மூன்று ஐம்பது. கூட்ட அறையில் முதலில் கண்ணில் பட்டது, மேசைக்கடியில் சுருட்டிக் கிடந்த மஞ்சள் டியூப். சங்கு குளிப்பவர் கடலடியில் மூச்சுவிட, படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் குழாய் அது. ஓர் இளைய குளியாள் புதிதாக வாங்கி, கடையிலிருந்து நேரே கொண்டு வந்திருந்தார். மறுநாள் காலை அதோடு இறங்குவதாக இருந்தார்.

அவருடைய அக்காளின் கணவர் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, இரண்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். தம்பிக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் அக்காள் இந்தக் கூட்டத்தைக் கேட்டிருந்தார். தம்பியோடு சேர்த்துப் பதினான்கு குளியாட்கள் வந்திருந்தார்கள்; அவர்கள் போக, பெண் என்று அக்காள் ஒருவர்தான். பத்திரிகைக்காரனான எனக்கு எந்தப் படகிலும் பங்கில்லை. அதனால் என்னை நடத்தச் சொன்னார்கள்.

முதல் ஒரு மணி நேரம் யார் பேச்சையும் யாரும் மறுக்கக் கூடாது என்றேன். சொன்னதையெல்லாம் சார்ட்டில் எழுதினேன். கம்ப்ரசரையே விட்டுவிடலாம் என்றார் ஒருவர். வெறும் மூச்சைப் பிடித்து இறங்கினால் அடுப்பெரியாது என்றார் இன்னொருவர். பிறகு குரல்கள் ஏறின. ஒரு மூத்த குளியாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலில் போய் நின்றார்.

ஐந்தரைக்கு, பத்து பாகத்துக்குக் கீழே யாரும் இறங்குவதில்லை என்ற முடிவை வாசித்தேன். விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம். யாரும் பேசவில்லை. ‘ஏகமனதாக’ என்று எழுதத் தொடங்கினேன்.

“எழுதிராதீங்க அண்ணாச்சி,” என்ற அக்காள் மற்றவர்களைப் பார்த்தார். “கயிறு அசையலைன்னா, நல்லா இருக்கான்னு விட்டுருவியளா? மேல இழுப்பியளா?”

கீழே இருப்பவர் இடுப்புக் கயிற்றை இழுத்துப் பதில் தராவிட்டால், உடனே தூக்கிவிடுவது அவர்கள் வழக்கம். நான் எழுதியதை அடித்தேன். ஒவ்வொருவரையும் வாய்திறந்து சொல்லச் சொன்னேன். ஏழாவது ஆள் தம்பி.

“சரின்னு சொல்லிட்டுப் போயிரலாம். கடலுக்கடியில வந்து யாரு அளக்கப்போறா? நீயாக்கா?”

சிலர் சிரித்தார்கள்.

“ஏலே, கடல்ல எதுக்கு அளக்கணும்?” என்றார் வாசலில் நின்றவர். “டியூபை இங்கன வச்சே அளந்து வெட்டு.”

மறுபடி ஒரு சுற்று. காற்றடித்தால் படகு இழுக்கும், டியூப் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும் என்று இருவர் காரணம் சொன்னார்கள். இரண்டு பாகம் கூட்டினோம். பதின்மூன்று பேர் சரி என்றார்கள். தம்பி டியூபைக் காலால் மேசைக்கு வெளியே தள்ளினார்.

“வெட்டுங்க.”

அக்காள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்றவர் உள்ளே வந்து, கைகளை விரித்து அளந்தார். பன்னிரண்டாவது பாகத்தில் கத்தி வைத்தார்கள். வெட்டிய மிச்சத்தையும் அளக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டேன்.

பதினொரு பாகம்.