வரையாமல் விட்ட கற்குவியல்கள்

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நடந்தது.

அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரியின் தென்கரையில், செம்புச் சுரங்கங்கள் மூடிக்கிடக்கும் நிலமுனையில் வாழ்கிற ஹெல்வி லாஹ்திக்கு நடந்தது. அவள் கதை கட்டுகிறவள் இல்லை. ஓவியக்காரி. கண்ணால் பார்க்காத எதையும் வரையமாட்டாள். பார்த்ததில் சிலவற்றை வரையாமல் விடுவாள். வினை அங்கேதான் தொடங்கியது.

இலையுதிர் காலத்தில் டிரக்கை எடுத்துக்கொண்டு தனியே கரையோரம் போவது அவள் வழக்கம். கைக்கு அடக்கமான பலகைகளில், காற்றிலும் தூறலிலும் நின்றபடியே எண்ணெய் வண்ணத்தில் வரைவாள். குளிர் வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய மீன்வலைக் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொள்வாள். அதுதான் ஸ்டூடியோ. சின்னப் பலகைகளைப் பார்த்துப் பெரிய கேன்வாஸ்களில் வரைவாள். நாட்கணக்கில் யாரோடும் பேசமாட்டாள். கணவன் ரெய்னோவுக்கு அது பழகிப்போயிருந்தது.

ஆனால் இரண்டு வருடமாக ஒரு படமும் சரியாக வரவில்லை. நகரத்தில் கண்காட்சிக்கூடம் வைத்திருக்கும் லெஸ்டர் தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

"ஹெல்வி, ஒரு சுவர் முழுசா உனக்குன்னு வெச்சிருக்கேன். நவம்பர் ரெண்டாவது சனிக்கிழமை பெரிய படம் வரல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் நீ பள்ளிக்கூடத்துல சூப் ஊத்தப் போகலாம். அங்க ஆள் தேடறாங்களாம்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அவளிடம் ஒரே ஒரு நல்ல பலகை இருந்தது. அக்டோபரில் பெயரில்லாத ஒரு சிறு வளைகுடாவில் வரைந்தது. மூடுபனி விலகும் நேரம், தகரம் போல மின்னும் நீர். அந்த நீருக்கு முன்னால் தாழ்வான சில கற்குவியல்கள் கிடந்தன. காட்சியைக் குறுக்கே வெட்டின. அவள் அவற்றை விட்டுவிட்டு, அந்த இடத்திலும் நீரையே வரைந்தாள். எந்த ஓவியரும் செய்வதுதான். மின்கம்பத்தை விடுவார்கள், குப்பைத்தொட்டியை விடுவார்கள். யாரும் கேட்பதில்லை.

நவம்பர் பிறந்தது. பெரிய கேன்வாஸ் முடிந்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக, தன் கை தன்னிடம் திரும்பி வந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

ஒரு குறை. படத்தின் அடிப்பகுதி மட்டும் காயவில்லை.

வானம் காய்ந்துவிட்டது. பாறை காய்ந்துவிட்டது. கற்குவியல்களை விட்ட இடத்தில் மட்டும் ஈரம். கத்தியால் சுரண்டி மறுபடி பூசினாள். காலையில் பார்த்தால் மறுபடி ஈரம். விரலால் தொட்டாள். எண்ணெய் இல்லை. தண்ணீர். குளிர்ந்த தண்ணீர். விரல் நுனியில் மணல் ஒட்டியிருந்தது.

ரெய்னோ எட்டிப் பார்த்தான். மூக்கைச் சுளித்தான்.

"என்ன, ஏரியவே உள்ள கொண்டாந்துட்டியா? மீன் நாத்தம் அடிக்குது."

"வலைக் கொட்டகை. அடிக்காதா?"

"முப்பது வருசமா இங்க வலை கெடையாது ஹெல்வி."



வியாழக்கிழமை. பிற்பகல் நாலு மணி. வெளியே பனிமூட்டம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே விளக்கு. ஓவியர்கள் குறை கண்டுபிடிக்கச் செய்வது போல, அவள் படத்துக்கு முதுகு காட்டி நின்று கைக்கண்ணாடியில் அதைப் பார்த்தாள்.

கண்ணாடியில் நீர் அசைந்தது.

திரும்பினாள். அசைவில்லை.

மறுபடி கண்ணாடி. அசைந்தது... கரையை நோக்கி. அவளை நோக்கி.

கண்ணாடியைக் கீழே வைத்தாள். அப்போதுதான் சத்தம் கேட்டது.

டொப்.

கேன்வாஸின் பின்னாலிருந்து.

எட்டிப் பார்த்தாள். மரச்சட்டம். துணி. துணியில் கறுப்பாக ஈரம். வேறொன்றும் இல்லை. முன்னால் வந்தாள். இடது ஓரத்தில் துணி புடைத்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல...

கதவுக்கு ஓடினாள். கதவு நீரில் ஊறி உப்பியிருந்தது. இழுத்தாள். வரவில்லை.

"ரெய்னோ!"

அவன் வந்தான். வெளியிலிருந்து தோளால் இடித்தான். "என்னாச்சு?"

"படத்துக்குள்ள யாரோ..."

"என்னது?"

"தள்ளறாங்க! அந்தக் கல்லெல்லாம்... நான் விட்டுட்டேன்!"

டொப். டொப்.

அந்தச் சத்தம் அழவில்லை. கெஞ்சவில்லை. அதில் இருந்தது கோபம் மட்டும். இல்லாமல் ஆக்கப்பட்டவர்களின் கோபம்.

தரையில் தண்ணீர் பரவியது. அவள் காலணிக்குள் புகுந்தது.

"கத்தி இருக்குல்ல? கிழிச்சுப் போடு!" ரெய்னோ கத்தினான். "படந்தான! கிழிச்சுத் தொலை!"

கத்தி கையில்தான் இருந்தது. ஒரு வெட்டு போதும்.

இரண்டு வருடம். அந்தச் சுவர்.

கத்தியைப் போட்டாள். தூரிகையை எடுத்தாள். புடைத்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கற்களை வரைந்தாள். ஒரு குவியல்.

புடைப்பு அடங்கியது.

அடுத்த இடம். இரண்டாவது குவியல். அடங்கியது.

மூன்றாவது. அடங்கியது.

அமைதி.

டொப்.

வலது ஓரம். அவள் நின்றிருந்த இடத்துக்கு நேர் எதிரே.

அங்கே குவியல் இருந்ததா? நினைவில்லை. பலகையைப் பார்த்துப் பயனில்லை. அதில்தான் எதையும் வரையவில்லையே. மூன்றா... நாலா...

துணியில் விரல்கள் தெரிந்தன. ஐந்து.

வரைந்தாள். நாலாவது குவியல்.

அடங்கியது.

கதவு திறந்துகொண்டது. ரெய்னோ உள்ளே வந்து விழுந்தான். தரை காய்ந்திருந்தது.

சனிக்கிழமை படம் சுவரில் ஏறியது. லெஸ்டர் வெகுநேரம் அதன் முன்னால் நின்றான். "அந்தக் கல்லுங்கதான் படமே," என்றான். வருடம் முழுவதும் அந்தச் சுவர் உனக்குத்தான் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஹெல்வியும் ரெய்னோவும் அந்த வளைகுடாவுக்குப் போனார்கள். பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. கிழட்டு மீனவர் வைனோ படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். அவள் கற்களைப் பற்றிக் கேட்டாள்.

"அதுவாம்மா? எங்க அப்பா காலத்துல ஒரு படகு கவுந்துச்சு. மூணு பேரு பொணமா கரை ஒதுங்குனாங்க. தரை உறைஞ்சு கெடந்துது, தோண்ட முடியல. கல்லை அடுக்கி மூடிட்டாங்க. போறப்ப வரப்ப, செத்தவங்களுக்கு மரியாதையா நாங்க தொப்பியக் கழட்டுவோம். பாக்காத மாதிரி போனா அவுங்களுக்குப் பிடிக்காது."

"மூணா? நாலு இல்லையா?"

"நாலா?" கிழவர் சிரித்தார். "கண்ணாடி போடும்மா. நான் பொறந்ததுலேர்ந்து மூணுதான்."

சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

நாலு இருந்தன.

மூன்றில் பாசி படர்ந்திருந்தது. நாலாவதில் பாசி இல்லை. மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தக் கற்கள் மட்டும் நனைந்திருந்தன.

ரெய்னோ அந்த நாலாவது குவியலின் தலைமாட்டுக் கல்லைப் புரட்டினான். அடுத்ததையும் புரட்டினான்.

உள்ளே யாரும் இல்லை. ஒரு ஆள் படுக்க வாகாக, மணலைச் சீராகத் தட்டிவைத்த பள்ளம் மட்டும் இருந்தது.

வைனோ அந்தப் பள்ளத்தின் நீளத்தைப் பார்த்தார். பிறகு ஹெல்வியைத் தலையிலிருந்து கால்வரை அளப்பது போலப் பார்த்தார்.



அவளைப் பார்த்தபடியே... மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.