இடது கை அவருடையது, வலது கை என்னுடையது

சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு ரயிலில் போகலாமா என்று வாசகர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். நான் முதன்முதலில் போனது 1976 மார்ச்சில். என் கணவர் சிவத்துக்கு அங்கே திங்கட்கிழமை வேலைக்கான நேர்முகம். கிடைத்தால் வீடு மாறவேண்டும். எனக்கு விருப்பமில்லை. நான் வேலைசெய்த ஆஸ்பத்திரியின் சிற்றாலயத்தில் ஒரு பியானோ இருந்தது. மத்தியானத்தில் அதை வாசித்துத்தான் சிட்னியில் நாளைக் கடத்தினேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியளவில் சிட்னி சென்ட்ரல் நிலையத்தில் ஏறினோம். ஏறத்தாழ 960 கிலோமீற்றர், பதின்மூன்று மணித்தியாலம். (ரிக்கற் விலை மறந்துவிட்டது, மன்னிக்கவும்.) கோல்பேர்ன் தாண்டியதும் காய்ந்த புல்வெளி. ஒரு தகரக் கூரை, சில செம்மறிகள், பிறகு வெகுநேரம் ஒன்றுமேயில்லை. சிவம் நித்திரை. நான் விழித்திருந்தேனா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை. மரே ஆற்றைக் கடக்கும்போது பின்னேர வெயில் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை சுவான்ஸ்டன் வீதியில் டிராம் ஏறி, கால்மணி நேரத்தில் கார்ல்ட்டனில் இறங்கினோம். ஒரு பப்பின் திறந்த ஜன்னலால் பியானோ கேட்டது. ஆனால் பாதிதான் கேட்டது. அடித்தாளம் மட்டும் அணிவகுப்புப் போல நடந்துகொண்டிருந்தது, மேலே பாட்டைக் காணவில்லை. உள்ளே போனோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர், வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, இடது கையால் வாசித்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் ராக்டைம்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் மதுக்கடைகளில் உருவாக்கியது. இடது கை நேரே நடக்கும், வலது கை அந்த நேரத்தைக் கிழித்துக்கொண்டு போகும். எழுதியும் வைத்தார்கள். ஆனால் நல்ல வாசிப்புக்காரர் எழுதியபடியே நிற்கமாட்டார். யாராவது எனக்கு ஒரு வலது கை தருவீர்களா?"

சிவம் என் பக்கம் திரும்பினார். "நீர் கொன்வென்ற்றிலை பியானோ படிச்சனீர் எல்லே? போய் வாசியும்."

"இசைக் கொப்பி இல்லாமல் எனக்கு ஒண்டும் வாசிக்கத் தெரியாதப்பா."

"ஆருக்கு இஞ்சை உம்மைத் தெரியும்? போம்."

போனேன். முதலில் ஒவ்வொரு தாள அடியிலும் சரியாக விரல்வைத்தேன், பரீட்சைக்குப் போல. பியானோக்காரர் குனிந்து, "அடிக்குக் கொஞ்சம் முன்னால் விழுங்கள், இல்லையென்றால் பின்னால்," என்றார். விழுந்தேன், அதுவும் பிழையான கட்டையில். அவரோ இடது கையை அந்தப் பிழையின் பக்கமே நகர்த்தினார். அது பிழையாகக் கேட்கவில்லை. அடுத்த சுற்றில் வேண்டுமென்றே அதே கட்டையைத் தொட்டேன். பிறகு அதன் அயலை. எவ்வளவு நேரம் வாசித்தேனோ தெரியாது. வெயில் பியானோ மூடியில் ஊர்ந்து போனது மட்டும் நினைவிருக்கிறது.

டிராமுக்கு நடக்கும்போது சிவம் கேட்டார்: "இவ்வளவு விருப்பமெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அப்போதுதான் சிற்றாலயத்துப் பியானோவைப் பற்றிச் சொன்னேன். நடந்துகொண்டிருந்தவர் நின்று என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நேர்முகத்துக்குப் போகாமல் விடட்டோ?"

"போங்கோ," என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

போகிறவர்களுக்கு: இப்போது சுமார் பதினொரு மணித்தியாலப் பயணம். பகல் ரயிலையே எடுங்கள், ஜன்னலோரக் கதிரையைக் கேட்டு வாங்குங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மெல்பேர்னில் ஒரு பின்னேரத்தையாவது ஒன்றும் திட்டமிடாமல் விடுங்கள். நான் பார்க்க நினைத்திருந்த இடங்கள் ஒன்றும் இப்போது ஞாபகமில்லை.

சிவத்துக்கு வேலை கிடைத்தது. ஜூனில் குடிபெயர்ந்தோம். முதல் சனிக்கிழமையே கார்ல்ட்டனில் அந்தப் பப்புக்குப் போனேன். பியானோக்காரரின் மாவுக்கட்டு அவிழ்ந்திருந்தது, இரண்டு கையாலும் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். இனி நான் எதற்கு என்று வாசலிலேயே நின்றேன். அவர் என்னைக் கண்டார். வாசிப்பை நிறுத்தாமலே, பியானோவின் நீள இருக்கையில் இடப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.