அருள்மலரும் பதினேழு பூத் தூணும்

எந்தக் கொட்டில் என்றாலும் முதலில் மூக்குத்தான் உள்ளே போகும். ஒரு கை கதவு நிலையில், ஒரு கை இடுப்பில். கண்ணை மூடிக்கொண்டு அருள்மலர் இரண்டு தரம் மூச்சிழுப்பாள். பழைய வைக்கோலும் எலிப் புழுக்கையும் ஓக் மரமும் கலந்த வாசம் வந்தால் முகம் விரியும். புது வார்னிஷ் மணம் வந்தால், "கெடுத்துப்போட்டாங்கள்" என்று நின்ற இடத்திலேயே தீர்ப்பு. அதன் பிறகுதான் காலை உள்ளே வைப்பாள். நடுவில் போய் நின்று இரண்டு பக்கத் தூண்களையும் விரல் நீட்டி எண்ணுவாள்: "லாபம், ரெண்டு, மூண்டு, நாலு..." நெல் அளக்கிற இடத்தில் ஒன்று என்று தொடங்கக் கூடாது, லாபம் என்றுதான் தொடங்கவேண்டும். மன்னாரில் அவளுடைய தகப்பன் அப்படித்தான் அளந்தவர். தானியம் வைத்த இடம் எந்த நாட்டில் இருந்தால் என்ன, எண்ணிக்கை அதுதான் என்பது அவள் கட்சி.

ஐம்பத்தெட்டு வயதுக்காரி. இங்கிலாந்தில் பார்க்கிங் என்ற ஊரில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அவிக்கிறாள். சனிக்கிழமை விடிந்தால் கொட்டில் பார்க்கக் கிளம்பிவிடுவாள். கொட்டில் என்றால் நாலு தடியும் கிடுகும் இல்லை. முந்நூறு நானூறு வருடத்துக்கு முன்னர் இங்கிலாந்துக் கமக்காரர் கோதுமையும் பார்லியும் போட்டுவைக்கக் கட்டிய மரக் களஞ்சியங்கள். சிலது கோவில் அளவு உயரம். எசெக்ஸ், கென்ற், சஃபோக் என்று இதுவரை நாற்பத்து மூன்று பார்த்துவிட்டாள். ஒன்றின் வெளிச்சுவரில் சுண்ணச் சாந்தால் கொடியும் திராட்சைக் குலையும் புடைத்து நிற்குமாம். இன்னொன்றில் ஆந்தை வந்து எலி பிடித்துப் போக என்று முகட்டிலே வட்டமாக ஓட்டை வெட்டி, சுற்றிவர இதயவடிவில் செதுக்கி வைத்திருக்கிறார்களாம். "ஆந்தைக்கும் வாசல் வைச்ச சனம்" என்பாள்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது? எல்லாம் மாதாவின் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன்னர் வால்சிங்கம் மாதா திருத்தலத்துக்குப் போய்த் திரும்பிய யாத்திரை பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. மழை வேறு. பஸ்ஸுக்குள்ளே செபமாலை ஓடிக்கொண்டிருக்க, மூன்றாம் காரணிக்கத்தில், மாலை பாதி உருண்டபோது, அருள்மலர் கால் விறைத்து இறங்கி, பக்கத்துப் பண்ணையின் கொட்டிலுக்குள் ஒதுங்கினாள். கை ஊன்றிய தூணில் ஏதோ தட்டுப்பட்டது. வட்டத்துக்குள் ஆறு இதழ்ப் பூ, கூரான எதனாலோ கீறியது. பிள்ளைகளின் விளையாட்டாக்கும் என்று நினைத்தாள். பண்ணைக்காரியோ, அந்தக் காலத்துச் சனம் தானியத்தைப் பேய் பிசாசு தீண்டாமல் இருக்கக் கீறிவைத்தது என்றாள்.

அருள்மலர் அப்படியே நின்றுவிட்டாள். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடம். விசாக் கந்தோர், போலிஸ், கவுன்சில் கடிதம் என்று பயந்ததெல்லாம் தாங்கள்தான், வெள்ளைக்காரன் பயமே தெரியாமல் பிறந்தவன் என்று நினைத்திருந்தவள் அவள். "அப்ப இவையும் பயந்த சனந்தான்" என்றாளாம், பஸ்ஸில் ஏறியதும் பக்கத்தில் இருந்தவளிடம். அன்றைக்குத்தான் அவளுக்கு இந்த ஊர் சொந்த ஊரானது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய தோள்பையில் கேக் தட்டில் விரிக்கிற பேக்கிங் பேப்பர் ஒரு சுருள் இருக்கும். அது தன் காசில் வாங்கியது. பள்ளிக்கூடத்துத் தாளைத் தொடமாட்டாள். சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் விட்டுப்போகும் உடைந்த கிறேயோன் துண்டுகள் ஒரு தயிர் டப்பாவில். தாளைத் தூணில் ஒட்டி, கிறேயோனைப் படுக்கவைத்துத் தேய்த்தால், கீறல் இருந்த இடம் வெள்ளையாக எழும்பி வரும். மாலினி என்ற பிள்ளை விட்டுப்போன ஊதா நிறம்தான் நன்றாகப் பிடிக்கும் என்பாள். படம் எடுக்கலாமே என்று யாராவது கைபேசியை நீட்டினால், "படத்தைத் தடவிப் பாக்க ஏலுமோ?" என்று கேட்பாள். தேய்த்த தாள்கள் எல்லாம் கட்டிலுக்குக் கீழே சுருள் சுருளாகக் கிடக்கின்றன.

ஞாயிறு பூசை முடிந்தால் கோவில் வாசலில் பெண்கள் சும்மா விடுவார்களா?

"அருள்மலரக்கா, இந்தக் கிழமை எந்தக் கொட்டில்? மாடு கீடு நிண்டதோ?"

"மாடு நிக்கேல்லை. ஒரு கழுதை நிண்டது. உன்னைத்தான் சுகம் கேட்டது."

புருசன் யாக்கோப்பு நல்ல மனிதர், ஆனால் பயந்த பிறவி. கார் ஓட்டி வருவார், கொட்டிலுக்குள் வரமாட்டார். வெளிச்சம் பிடிக்க ஆள் வேண்டுமென்று அவள் இழுத்துப்போன இரண்டொரு தரமும் டோர்ச்சை நேரே முகத்துக்கு அடிப்பதுபோலப் பிடித்தார். "சரிச்சுப் பிடியுங்கோ. நேரை பிடிச்சால் ஒண்டும் தெரியாது, பக்கத்தாலை பிடிச்சால்தான் கீறல் எழும்பும்" என்று நூறு தரம் சொல்லியும் கை சரியவே இல்லை. அவருக்குக் கண் எப்போதும் வாசலில், யாராவது வந்து கலைத்துத் துரத்திவிடுவார்களோ என்று. நகரசபையான கவுன்சில் வாடகைக்கு விட்ட வீட்டின் சுவரில் திரு இருதயப் படத்துக்கு ஓர் ஆணி அடித்ததற்குக் கடிதம் வந்த நாளிலிருந்து, இயேசுநாதர் அவர்கள் வீட்டில் பிரிட்ஜுக்கு மேலேதான் சாய்ந்து நிற்கிறார். கடிதம் பிரிட்ஜ் கதவில்.

சரி, ஹாலட் என்பவருடைய கொட்டிலுக்கு வருவோம். செம்ஸ்ஃபோர்ட்டுக்கு அப்பால் ஒரு பண்ணை. பொதுமக்கள் நடக்கிற பாதை அந்தப் பண்ணை முற்றத்துக்குள்ளாலேயே போகிறது. அருள்மலருக்கு ஆங்கிலம் வாசிக்க அவ்வளவாக வராது; ஆனால் வரைபடத்தில் பச்சைக் கோடு துண்டு துண்டாகப் போனால் அதில் நடக்கத் தனக்கும் உரிமை உண்டென்று தெரியும். அது போதும். பாதையில் நின்று, பாதி திறந்த கதவாலே டோர்ச் அடித்துப் பார்த்தபோது, உள்ளே ஒரே தூணில் ஒன்பது பூக்கள். நாற்பத்து மூன்று கொட்டிலிலும் ஒரு தூணில் மூன்றுக்கு மேல் அவள் கண்டதில்லை.

முதல் முறை ஹாலட், "வழி தவறிவிட்டீர்களா?" என்று கேட்டார். "நோ லொஸ்ற், சேர். பப்ளிக் ஃபுட்பாத்." இரண்டாம் முறை, நாய் கடிக்கும் என்று பலகை போட்டிருந்தார். நாய் அவள் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பாணைத் தின்றுவிட்டு வேலி வரை வழியனுப்பி வைத்தது. மூன்றாம் முறை, உள்ளே போகலாமா என்று மரியாதையாகக் கேட்டாள். தலையில் ஏதாவது விழும், தலைக்கவசம் இல்லாமல் ஒருவரும் போக முடியாது என்று கதவை இழுத்து மூடினார். அன்றைக்குத்தான் முற்றத்தில் நின்ற வேலையாள் சொன்னான்: கொட்டில் கலியாண மண்டபமாகப் போகிறது, அடுத்த திங்கள் மணலை ஊதி அடித்து, மரமெல்லாம் வெள்ளை வெளேரென்று சுரண்டப்போகிறார்கள். மணல் பட்டால் பூ ஒன்றும் மிஞ்சாது. மகன் டெனுசன் அந்தப் பகுதிக் கவுன்சிலுக்கு எழுதிப் பார்த்தான். அந்தக் கட்டிடம் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை என்று இரண்டு வரிப் பதில்.

மிஞ்சியது ஒரே ஒரு சனிக்கிழமை. டெனுசன் கட்டிட வேலைக்குப் போகிறவன். மாடிப்படிக்குக் கீழே கிடந்த அவனுடைய தலைக்கவசத்தையும் மினுங்குகிற மஞ்சள் மேலங்கியையும் போட்டுக்கொண்டு அருள்மலர் காரில் ஏறினாள். மேலங்கி முழங்காலுக்குத் தொங்கியது.

"இதென்ன கோலம்? றோட்டுப் போடப் போறீரோ?" என்றார் யாக்கோப்பு.

"தலையிலை விழும் எண்டுதானே உள்ளை விடேல்லை. இப்ப விழட்டும்."

"பொலிசைக் கூப்பிட்டால்?"

"கூப்பிடட்டும். ஸ்ரேஷனிலை தேத்தண்ணி குடுப்பாங்கள்."

"நான் காரை விட்டு இறங்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

"எண்டைக்கு இறங்கினீங்கள்?"

மேலங்கியையும் தலைக்கவசத்தையும் கண்டதும் வேலையாட்கள் தாங்களாகவே வழிவிட்டார்கள். மேற்பார்வைக்காரன் மட்டும், "கவுன்சிலில் இருந்தா வருகிறீர்கள்?" என்று கேட்டான். அவள் பொய் சொல்லவில்லை. "நோ. ஸ்கூல் கிச்சின்" என்றாள். அவன் அதைப் பகிடி என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்து, தாள் ஒட்டுவதற்குத் தன்னுடைய ஒட்டுநாடாவையும் கொடுத்தான்.

வேலைக்காகத் தரையில் ஒரு பெரிய விளக்கு வைத்திருந்தார்கள். வெளிச்சம் தூணில் பக்கவாட்டாக விழுந்தது. அருள்மலர் மணம் பார்க்கவும் மறந்துபோனாள். ஒன்பது இல்லை. அடியில் இருந்து இரண்டு ஆள் உயரத்துக்குப் பூ. சில வட்டங்கள் சின்னன், சில சாப்பாட்டுத் தட்டு அளவு. நடுவில் ஒன்று பாதியில் விட்டது, மூன்று இதழோடு. கீறியவனை யாராவது கூப்பிட்டிருப்பார்கள். விரலை நீட்டி எண்ணினாள். லாபத்தில் தொடங்கிப் பதினேழில் முடிந்தது. அவ்வளவு பூ வேண்டியிருந்தால் அந்த வருடம் எவ்வளவு பயந்திருப்பார்கள்!

அடியில் இருந்து தொடங்கித் தேய்த்தாள். ஏழாவது முடிந்து எட்டாவதில் கை வைக்க, பின்னால் ஹாலட்டின் குரல் கேட்டது.

"மறுபடியும் நீங்களா! யார் உள்ளே விட்டது? வெளியே போங்கள்."

"ரென் மினிற், சேர்."

"ஒரு நிமிடமும் இல்லை. வேலையில்லாத பண்ணைப் பையன்கள் கத்தியால் கீறியதை இவ்வளவு பெரிதாக... கலியாணத்துக்கு வருகிறவர்களுக்குச் சுத்தமான மரம் வேண்டும்."

கிறேயோனை நிறுத்தாமலே அருள்மலர் சொன்னாள்: "நொட் போய்ஸ். ஸ்கேர்ட் பீப்பிள். லைக் மீ. லைக் யூ."

"எனக்கு ஒன்றுக்கும் பயமில்லை."

அப்போதுதான் திரும்பினாள். ஊதாக் கிறேயோனால் வாசலுக்கு வெளியே காட்டினாள். வேலிப் படலையில் இருந்து கொட்டில் வரை பலகைகள் வரிசையாக நின்றன: தனியார் நிலம், நாய் கவனம், கமரா பொருத்தியிருக்கிறது, உள்ளே வராதே. "தென் வை ஸோ மெனி போர்ட், சேர்?" பயமில்லை என்றால் ஏனையா இத்தனை பலகை?

மேற்பார்வைக்காரன் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹாலட்டின் கழுத்துச் சிவந்தது. நடந்துபோய் விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

கொட்டில் இருண்டது. வெளியே போவாள் என்று நினைத்திருப்பார். அவருக்குத் தெரியாது, தேய்ப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை என்று. இருட்டுக்குள்ளே 'சர்க் சர்க்' என்ற சத்தம் தொடர்ந்து கேட்டது. எட்டாவது பூவின் ஆறாவது இதழ் முடிந்த பிறகுதான் நின்றது. தொடங்கியதை முடித்தாயிற்று, இனி நிற்பது மரியாதை இல்லை என்று தாளைச் சுருட்டினாள். ஒட்டுநாடாவைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொன்னாள். பச்சைக் கோட்டுப் பாதையாலேயே நடந்துவந்து, ஹாலட்டின் படலையைச் சாத்திக் கொளுக்கியும் போட்டாள். ஆடு மாடு வெளியே போகக் கூடாதே.

"கிடைச்சுதோ?" என்றார் யாக்கோப்பு.

"எட்டு."

"மிச்சம்?"

"திங்கட்கிழமை மணலோடை போகும்."

வழக்கமாகப் புறுபுறுக்கிற மனிதர் அன்றைக்குப் பார்க்கிங் வரும்வரை காரை மெல்ல ஓட்டினார். மடியில் தாளை வைத்துக்கொண்டு அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்ற மறந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணியும் குடிக்கவில்லை. டெனுசன் பள்ளிக்கூடம் போன காலத்து, இரண்டு காலிலும் ஊசி வைத்த கவராயத்தைத் தேடி எடுத்தாள். எட்டாவது பூவைத் தரையில் விரித்து, கவராயத்தின் இரண்டு காலையும் அதன் மேல் வைத்து அளவெடுத்தாள். முன்கதவின் உட்பக்கத்து நிலை, கவுன்சில் அடித்த வெள்ளைப் பெயின்ற்றோடு இருந்தது. நெஞ்சு உயரத்தில் அதில் ஊசியை ஊன்றினாள்.

"ஐயோ, என்ன செய்யிறீர்? அது கவுன்சில்காரன்ரை மரம்!"

"மரம் அவன்ரை. உள்ளுக்கை இருக்கிறது நாங்கள்."

"கடிதம் வரும்!"

"வரட்டும். பிரிட்ஜிலை இடம் கிடக்கு."

யாக்கோப்பு கதவுக் கண்ணால் வெளியே எட்டிப் பார்த்தார். சங்கிலியை மாட்டினார். மறுபடி எட்டிப் பார்த்தார். நவம்பர் மாதத்துப் பின்னேரம், நடைவழியில் வெளிச்சம் போதாது. அவள் வட்டத்தை ஒரு சுற்றுக் கீறி முடித்து, பெயின்ற்றுத் தூளை ஊதிவிட்டு, முதலாவது இதழுக்கு ஊசியை எடுத்து, "லாபம்" என்றாள். எங்கே ஊன்றுவது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளையில் வெள்ளைக் கீறல். கவராயத்தைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள்.

யாக்கோப்பு கைபேசியை எடுத்து டோர்ச்சைப் போட்டார். வழக்கம்போல நேரே பிடித்தார். பிறகு கை மெல்லத் தாழ்ந்து, சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் சரிந்தது.